மேலுலகமும் ரேடியோ அலையும்

(திருத்தணியில் வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இவ்வூர் வாசகசாலைத் தோழர்கள் நம்மை வானத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த விஷயத்திற்குத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில், இங்குள்ள மலைக்கு 365 படி என்று கணக்குச் சொல்லி, படிக்கு ஒரு நாளாக ஒரு வருஷத்தையே அதில் அடக்கி, டிசம்பர் 31-ந் தேதி இரவில் படிக்குப் படி பூஜை செய்து பாடிக்கொண்டு மேலே போகின்ற மக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மேலே போகப்போகத் தெய்வம் சமீபத்தில் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். ஏறி வந்தவர்களைக் கேட்டால், மூச்சு வாங்கினதைத்தான் முதலில் சொல்லுவார்கள். அத்தனை படியும் ஏறி முடித்தாலும் சில நூறு அடிதான் ஆகிறது. நாம் இன்று பேச வந்ததோ, அதற்கும் மேலே 300 கிலோமீட்டர் வரையில் என்ன இருக்கிறது, அதை மனிதன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்பதைப் பற்றியதாகும்.

இதை இப்போது பேச வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கலாம். அவசியம் இருக்கிறது. மேலே பூலோகம், புவர்லோகம், சுவர்லோகம் என்று ஆரம்பித்துச் சத்தியலோகம் வரையில் ஏழு அடுக்கு இருக்கிறது, அங்கிருந்து வருணன் மழையை அனுப்புகிறான் என்று சொல்லுகிற பழைய கூட்டம் ஒன்று நம்மிடையே இருந்து வருகிறது. இது நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் சமீப காலத்தில் இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இவர்கள் படித்தவர்கள், கையில் கைபேசி உள்ளவர்கள், வருணன் என்றால் சிரிப்பவர்கள். இவர்கள் சொல்லுவதென்னவென்றால், அமெரிக்காக்காரன் அலாஸ்காவில் ஒரு ரேடியோ யந்திரம் வைத்திருக்கிறான், அதனால்தான் புயலும் பூகம்பமும் வருகிறது என்பதாகும். 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூமி நடுங்கி ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டபோதும், உலகம் முழுவதும் இந்தப் பேச்சு பரவிற்று. போன மழைக்காலத்தில் நம்மிடமே ஒரு தோழர் வந்து, "அவ்வளவு தூரம் போவானேன்? எல்லைக்கு அந்தப் பக்கம் காதங்கியில் ஒன்று இருக்கிறதாமே, நம் ஏரிக்கு மழை வராமல் செய்வது அதுதானா?" என்று கேட்டார். அவர் பரிகாசத்துக்குக் கேட்கவில்லை. அவர் நிலத்துக்குத் தண்ணீர் இல்லை, அதனால் கேட்டார். அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதைத்தான் இன்று முழுதும் சொல்லப் போகிறோம்.

முதலில், மேலே உள்ளது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாம் சுவாசிக்கின்ற காற்று, மேகம், மழை, இடி, புயல் எல்லாம் நம் பக்கத்து வானத்தில் சுமார் 16, 17 கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டன. அதற்கு மேல் 50 கிலோமீட்டர் வரையில் ஓர் அடுக்கு. ஓசோன் என்கிற வாயு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதற்கும் மேல் 85, 90 கிலோமீட்டர் வரையில் குளிர் மிகுந்த மற்றோர் அடுக்கு. அதன் பிறகு, சூரியனுடைய கடுமையான கிரணங்கள் பட்டுக் காற்றின் அணுக்கள் உடைந்து எலெக்ட்ரான்கள் தனியே திரிகின்ற இடம். அதை அயனி மண்டலம் என்கிறார்கள். 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இருக்கிறது என்றாலும், தரையில் உள்ள அடர்த்தியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏழு உலகம் சொன்ன சாஸ்திரிகள் யாராவது, எந்த உலகம் எத்தனை காத தூரத்தில் ஆரம்பிக்கிறது, அங்கே காற்று எந்தத் திசையில் அடிக்கிறது, எவ்வளவு குளிர் என்று சொல்லி, அதைப் போய்ப் பார்த்துச் சரி அல்லது தப்பு என்று தீர்க்க வழி வைத்தார்களா என்று கேட்கின்றோம்.

வழி வைப்பது லேசான காரியமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகாய விமானம் பறப்பது சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில். பலூன் விட்டால் 30, 35 கிலோமீட்டரில் வெடித்து விழுந்துவிடும். செயற்கைச் சந்திரனை 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிட்டால், அங்குள்ள அந்தக் கொஞ்சக் காற்றே அதை இழுத்துக் கீழே தள்ளிவிடும். ராக்கெட் ஒன்றுதான் அங்கே போக முடியும். அதுவும் சில நிமிஷத்தில் போய் விழுந்துவிடும். 1963 நவம்பர் 21-ந் தேதி திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில், ஒரு மாதா கோயிலை ஆபீசாக வைத்துக்கொண்டு விட்ட முதல் ராக்கெட் இதற்காகத்தான். (மாதா கோயிலைக் காலி செய்து கொடுத்துவிட்டுப் போன அந்த மீனவ மக்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.) ஆனால் ராத்திரியும் பகலும், வருஷம் முழுவதும், ஒவ்வொரு நிமிஷமும் மேலே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ராக்கெட் போதாது. அதற்குத்தான் ரேடியோ அலை வேண்டியிருக்கிறது.

கிணற்றின் ஆழம் தெரியவேண்டுமானால் கல்லைப் போட்டு, தண்ணீரில் விழுகிற சத்தம் எப்போது வருகிறது என்று கேட்கிறோம் அல்லவா? அதே தந்திரந்தான் இங்கும். ரேடியோ அலை ஒரு செகண்டுக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். மேலே அனுப்பின அலை 100 கிலோமீட்டரில் எதிலாவது பட்டுத் திரும்பினால், 1500-இல் ஒரு பங்கு செகண்டில் கீழே வந்துவிடும். அந்த நேரத்தை அளந்தால் உயரம் தெரிந்துவிடும்.

இது தெரிந்த கதை வேடிக்கையானது. 1901-ஆம் வருஷம் மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து அனுப்பிய ரேடியோ சைகை அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிக் கேட்டது. பூமியோ உருண்டை, அலையோ நேராகப் போவது. வளைந்து எப்படி அக்கரை சேர்ந்தது? மேலே ஏதோ கூரை போல் இருந்து அலையைத் திருப்பிவிடுகிறது என்று 1902-இல் கென்னலி, ஹெவிசைடு என்கிற இருவர் தனித்தனியே சொன்னார்கள். அது வெறும் யூகந்தான். இருபத்திரண்டு வருஷம் கழித்து 1924 டிசம்பரில், ஆப்பிள்டன் என்பவர் போர்ன்மவுத்தில் உள்ள ரேடியோ நிலையத்தை, பாட்டுக் கச்சேரியெல்லாம் முடிந்து ஜனங்கள் தூங்கின பிறகு கேட்டு வாங்கி, அலையின் அளவைக் கொஞ்சங் கொஞ்சமாக மாற்றச்சொல்லி, ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து கேட்டார். தரை வழியாக நேரே வந்த அலையும், மேலே போய்த் திரும்பி வந்த அலையும் ஒன்றோடொன்று கலந்து, சத்தம் ஏறி இறங்கிற்று. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிக் கணக்குப் போட்டுக் கூரையின் உயரம் சுமார் 100 கிலோமீட்டர் என்று கண்டுபிடித்தார். அதற்கு மேலும் இன்னொரு கூரை இருப்பதையும் பின்னால் கண்டார். 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே 1947-இல், கல்கத்தாவில் இந்த ஆராய்ச்சியை 1930 முதல் நடத்தி வந்த சிசிர் குமார் மித்ரா என்பவர் மேல் வாயுமண்டலத்தைப் பற்றி எழுதிய பெரும் புத்தகம் வெளிவந்தது. பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் பாடப் புத்தகம் போல் வைத்துக்கொண்டு படித்தார்கள். சமுத்திரம் தாண்டினால் பாவம் என்று சொன்ன நாட்டிலிருந்து சமுத்திரம் தாண்டிப்போன சரக்குகளில் அதுவும் ஒன்று.

நிற்க, அலையை அனுப்பிக் கேட்பது ஒரு விதம். பலமான அலையை அனுப்பி, மேலே உள்ளதையே கொஞ்சம் சூடாக்கிப் பார்ப்பது இன்னொரு விதம். இந்த இரண்டாவதுதான் அலாஸ்கா சங்கதி. இதுவும் யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடித்ததல்ல. 1933-இல் ஹாலந்து தேசத்தில் டெல்லகன் என்பவர் சுவிட்சர்லாந்து ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இருக்கையில் அதன் பின்னால் லக்ஸம்பர்க் ரேடியோவின் சத்தமும் மெல்லக் கேட்டது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசை. ஒன்றில் மற்றொன்று வர நியாயமில்லை. நம் ஊராக இருந்தால் ரேடியோப் பெட்டியில் பேய் புகுந்ததென்று வேப்பிலை அடித்திருப்பார்கள். அவர் அப்படிச் செய்யாமல், தாம் கேட்டதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் 1934-இல் பெய்லி, மார்ட்டின் என்னும் இருவர் காரணம் சொன்னார்கள். லக்ஸம்பர்க் நிலையம் மிகப் பலமானது. அதன் அலை மேலே போய் எலெக்ட்ரான்களை ஆட்டிச் சூடாக்குகிறது. சூடான எலெக்ட்ரான்கள் அடிக்கடி மோதுகின்றன. அதனால் அந்த வழியாகப் போகிற சுவிட்சர்லாந்து அலையை அதிகமாக விழுங்குகின்றன. லக்ஸம்பர்க்கில் பாட்டு ஏறி இறங்க, விழுங்குவதும் ஏறி இறங்குகிறது. ஆகவே அந்தப் பாட்டின் சாயல் இந்த அலையில் பதிந்து வருகிறது. இதுதான் சங்கதி. கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்த ஒரு மனிதனால், வானத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு புது வழி பிறந்தது.

அந்த வழியின் பெரிய வடிவந்தான் அலாஸ்காவில் ககோனா என்ற இடத்தில் 33 ஏக்கரில் 180 ஏரியல் கம்பங்களோடு நிற்கிறது. 1993-இல் ஆரம்பித்து 2007-இல் முழு அளவுக்கு வந்தது. அதன் முழுச் சக்தி 3.6 மெகாவாட், அதாவது 3600 கிலோவாட். அதை அனுப்பினால் மேலே எலெக்ட்ரான்கள் சூடாகும். சில வேளை, நுட்பமான காமிராவுக்குத்தான் தெரியும்படி லேசான ஒளி உண்டாகும். நிறுத்தினால் சில செகண்டுகளிலோ நிமிஷங்களிலோ எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இதைக் கட்டப் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். விமானப்படையும் கடற்படையும் சேர்ந்து கொடுத்தன. தண்ணீருக்கடியில் போகும் கப்பலுக்குச் செய்தி அனுப்ப வழி கிடைக்குமா என்பது அவர்களுக்கிருந்த ஆசைகளில் ஒன்று. ஆகவே, ஜனங்கள் சந்தேகப்பட்டதை நாம் குற்றமாகச் சொல்லமாட்டோம். பட்டாளத்துப் பணத்தில் நடக்கிற எந்தக் காரியத்தையும் சந்தேகத்துடன் பார்ப்பது ஜனங்களுக்குள்ள உரிமையாகும். 2015-இல் ராணுவம் கைவிட்டு, அது அலாஸ்கா சர்வகலாசாலைக்கு வந்துவிட்டது. பொதுஜனங்களை உள்ளே விட்டுக் காட்டுகிற நாட்களும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ராணுவம் கட்டினது என்பதிலிருந்து, அது புயலைக் கிளப்புகிறது என்கிற முடிவுக்குத் தாவுவதற்கு நடுவில் ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பரப்புகிறவர்கள் போடுவதில்லை. நாம் போட்டுப் பார்ப்போம்.

சூரிய வெளிச்சம் காற்று மண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1360 வாட் விழுகிறது. அலாஸ்கா யந்திரத்தின் 36 லட்சம் வாட்டை இதனால் வகுத்தால் சுமார் 2650 சதுர மீட்டர். அதாவது, ஒரு ஏக்கரில் முக்கால் பங்குகூட இல்லாத இடத்தில் சூரியன் கொட்டுகிற சக்திதான், உலகத்தையே ஆட்டுவதாகச் சொல்லுகிற அந்த யந்திரத்தின் முழுச் சக்தி! உங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக் கரும்போ நெல்லோ போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வயலில் விழுகிற வெயிலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் மேலே போய்ச் சேருகிறபோது பரந்துவிடுகிறபடியால், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது வெயிலில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இனி மழையைப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அதிலுள்ள தண்ணீர் பதினாயிரம் டன். அந்தத் தண்ணீர் ஆவியாக இருந்து மேகத்தில் துளியாக மாறுகிறபோது விடுகின்ற உஷ்ணத்தைக் கணக்கிட்டால், அலாஸ்கா யந்திரம் இராப்பகலாக நிறுத்தாமல் 80 நாள் வேலை செய்தால்தான் அவ்வளவு ஆகும். 2015 டிசம்பர் 1-ந் தேதியை ஒட்டி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். தாம்பரத்தில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு மட்டும் பார்த்தாலும் அந்த யந்திரம் பத்து வருஷத்துக்கு மேல் ஓயாமல் ஓட வேண்டும். மழையோ செங்கல்பட்டிலிருந்து நம் திருவள்ளூர் வரையில் கொட்டிற்று. அன்றியும், அந்த யந்திரத்தின் வேலை நடக்கிற இடம் மேகத்துக்கு வெகு உயரத்தில். மொட்டை மாடியில் கற்பூரம் கொளுத்தினால் கீழ் வீட்டு அடுப்பில் சோறு வெந்துவிடுமா?

இப்போது நம் பக்கத்துக் காதங்கிக்கு வருவோம். இங்கிருந்து வடமேற்கே நேர்கோட்டில் 55 கிலோமீட்டர் இருக்கும். திருப்பதிக்கு அந்தப் பக்கம், மலைகளின் நடுவில் இருக்கிற கிராமம். அங்கே 1990-களின் ஆரம்பத்தில் மத்திய சர்க்கார் ஒரு ராடாரை அமைத்தது. பம்பாயிலுள்ள சமீர் என்கிற சர்க்கார் ஸ்தாபனம் இதை நம் நாட்டிலேயே செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2005 முதல் அந்த இடத்துக்குத் தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக்கூடம் என்று பெயர். விண்வெளி இலாகாவைச் சேர்ந்தது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் சதுரமான ஒரு மைதானம். அதில் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசையாக 1024 ஏரியல்கள். பழைய நாளில் வீட்டுக் கூரைகளில் டெலிவிஷனுக்காகக் கட்டியிருந்தோமே, மீன் முள் மாதிரி, அந்த ஜாதியைச் சேர்ந்தவைதான். எல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அங்கிருந்து 53 மெகாஹெர்ட்ஸ் அலையை, உச்ச வேகத்தில் 2.5 மெகாவாட் சக்தியோடு, மிகச் சிறு துடிப்புகளாக மேலே அனுப்புகிறார்கள். ஆரம்பத்தில் பெரிய குழாய்கள் வைத்த 32 அனுப்பும் யந்திரங்கள் இருந்தன. பிற்பாடு ஒவ்வொரு ஏரியலுக்கும் ஒரு சிறு யந்திரமாக 1024 வைத்துவிட்டார்கள்.

2.5 மெகாவாட் என்று கேட்டதும் அந்தத் தோழருக்குப் பயம் வந்தது. அதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. யந்திரம் சதா அலை அனுப்பிக்கொண்டிருந்தால் எதிரொலியைக் கேட்பது எப்படி? கத்திக்கொண்டே இருக்கிறவனுக்கு மற்றவன் பேச்சுக் காதில் விழுமா? ஆகவே நூற்றுக்கு இரண்டரைப் பங்கு நேரத்துக்கு மேல் அது அனுப்புவதே இல்லை. மீதி நேரமெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறது. சராசரி பார்த்தால் 60 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மத்தியானத்தில் அதே மைதானத்தின் மேல் விழுகிற வெயில் சுமார் 17,000 கிலோவாட். அந்த நாலு ஏக்கர் மைதானம் வானத்துக்குக் கொடுப்பதைப் போல் இருநூறு முந்நூறு பங்கு அதிகமாகச் சூரியனிடமிருந்து வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறது! முன் சொன்ன ஒரு சதுர கிலோமீட்டர், ஒரு சென்டிமீட்டர் மழைக்குக் காதங்கி யந்திரம் ஈடு செய்யவேண்டுமானால் 13 வருஷம் ஆகும்.

அப்படியானால் அவ்வளவு பெரிய யந்திரம் எதற்கு என்றால், திரும்பி வருவது அவ்வளவு அற்பமாக இருப்பதனால்தான். அந்த அலைக்கு மேகம் ஒரு தடையல்ல; அயனி மண்டலமும் அதைக் கூரை போல் திருப்பிவிடாது; ஊடுருவிப் போய்விடும். வழியிலே காற்று சுழன்று கொந்தளிக்கிற இடங்களில், சுமார் மூன்று மீட்டர் அளவுள்ள சின்னச் சின்னச் சுழல்களில் பட்டு, கோடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அலை திரும்புகிறது. அந்த முணுமுணுப்பைப் பொறுக்கி எடுக்கவே ஆயிரம் ஏரியல் வேண்டும். திரும்பி வந்த அலையின் சுருதி கொஞ்சம் ஏறியிருந்தால் காற்று நம்மை நோக்கி வருகிறது, இறங்கியிருந்தால் விலகிப்போகிறது. கூவிக்கொண்டு வருகிற ரயில் நம்மைத் தாண்டினதும் அதன் கூவல் சுருதி இறங்குவதைத் திருத்தணி ஸ்டேஷனில் எல்லாரும் கேட்டிருக்கிறோம், அதே விதிதான். ஏரியல்களை அசைக்காமலே, ஒவ்வொன்றுக்கும் அலையைக் கொஞ்சம் முன்பின்னாகக் கொடுத்து, கிழக்கே சாய்த்து, மேற்கே சாய்த்து, நேரே மேலே பார்த்து அனுப்பினால், சுமார் 150 மீட்டருக்கு ஓர் அடுக்காக 20 கிலோமீட்டர் வரையில் காற்று எங்கே போகிறது, எவ்வளவு வேகம் என்பது தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் 60 முதல் 90 கிலோமீட்டர் வரையில் பகலில்தான் எதிரொலி கிடைக்கும். அங்கே எதிரொலிக்கு வேண்டிய எலெக்ட்ரான்களைச் சூரியன்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இதில் தெரிந்ததை ஒன்று சொல்லுகிறோம். ஆடிக் கிருத்திகைக்கு இங்கே லட்சக்கணக்கில் காவடி வருகிறது. அந்த மாதத்தில் நம் தரையில் அடிப்பது மேல்காற்று, மேற்கிலிருந்து வருவது. காவடி எடுப்பவர்கள் தலைக்கு நேர் மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், அதே வேளையில், கிழக்கேயிருந்து மேற்கே மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஒரு காற்று ஆறு போல் ஓடுகிறது! கீழே மேல்காற்று, மேலே கீழ்க்காற்று. 1950-களில் நம் நாட்டு வானிலை இலாகாவைச் சேர்ந்த கோடீஸ்வரம் என்பவர் பலூன் கணக்குகளைக் கொண்டு இதை எடுத்துக் காட்டினார். தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்தே வந்து, அதனோடு சேர்ந்தே போகிற காற்று இது. காதங்கி ராடார் மணிக்கு மணி இதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது. பருவ மழையைப் பற்றி ஏதாவது முன்கூட்டிச் சொல்லவேண்டுமானால் இந்தக் காற்றின் கணக்கு வேண்டும். பஞ்சாங்கத்தில் எத்தனை மரக்கால் மழை என்று போட்டிருக்கிறார்களே, அதில் இந்தக் காற்றுக்கு ஓர் இடமுண்டா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. சூரியன் அஸ்தமித்த பிறகு, முக்கியமாகப் பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும், 250 கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே எலெக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பி, தண்ணீருக்கடியில் விட்ட எண்ணெய் போல் மேலே எழும்புகின்றன. நம் நாட்டின் தென்கோடி, பூமியின் காந்த நடுக்கோட்டுக்குச் சமீபத்தில் இருப்பதால் நமக்கு இந்தத் தொல்லை ஜாஸ்தி. செயற்கைச் சந்திரனிலிருந்து வருகிற சைகை இந்தக் குமிழி வழியாக வந்தால் நடுங்கிப் போகும். வழிகாட்டும் கருவியை நம்பிக் கடலுக்குப் போகிற மீனவனுக்கும், இறங்கப் போகிற விமானத்துக்கும் இடம் தப்பித் தெரியலாம். காதங்கி ராடாரில் இந்தக் குமிழிகள் புகை மாதிரி எழுந்து போவதைப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். இப்படி உயிரோடு சம்பந்தப்பட்ட காரியத்துக்கு உதவுகிற யந்திரத்தின் மேல்தான் மழையைக் கெடுத்த பழியைப் போடப் பார்க்கிறார்கள்.

பழியைப் போடுவதால் யாருக்கு லாபம் என்பதையும் யோசிக்க வேண்டும். 2015-இல் சென்னையும் சுற்று ஊர்களும் மூழ்கியதற்கு மழை ஒரு காரணம். ஏரியைத் தூர்த்து மனை போட்டது, கால்வாயை மறித்துக் கட்டிடம் கட்டியது, தண்ணீர் திறந்துவிடுவதில் நடந்த குளறுபடி எல்லாம் மற்ற காரணங்கள். அலாஸ்கா யந்திரம்தான் செய்தது என்று ஒருவன் நம்பிவிட்டால், மனை விற்றவனையும் அனுமதி கொடுத்தவனையும் அவன் கேள்வி கேட்கமாட்டான். வருண பகவானுக்குக் கோபம் என்று நம்பினாலும் கேட்கமாட்டான். இரண்டு கூட்டத்தாரையும் நாம் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது இதனால்தான். 2019-இல் சென்னையில் குடிதண்ணீருக்குக் குடம் வைத்துக்கொண்டு பெண்கள் தெருத்தெருவாக அலைந்தார்களே, அந்த வருஷத்தில் மழைக்காக யாகமும் ஜபமும் செய்யும்படி அறநிலையத்துறையிலிருந்தே கோயில்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று. அண்டாவில் கழுத்தளவு தண்ணீரில் பார்ப்பனர்கள் உட்கார்ந்து ஜபம் செய்தார்கள். ஜனங்களுக்கு ஒரு குடம் கிடைக்காத காலத்தில், அண்டா நிறைய எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்டார்களா?

இன்னும் சொல்லப்போனால், ஆராய்ச்சி செய்கிறவர்களே சிலர் இதற்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். ராக்கெட் விடுவதற்கு முன்னால் அதைப் போல் ஒரு சிறு பொம்மை செய்து, திருப்பதி மலைக்கு எடுத்துப்போய் வைத்து ஆசீர்வாதம் வாங்குவதைப் பத்திரிகைகளில் படத்தோடு பார்க்கிறோம். எலெக்ட்ரான் கணக்குப் போடத் தெரிந்தவனே இப்படிச் செய்தால், காவடி எடுக்கிற கூலிக்காரனை நாம் எப்படிக் குறை சொல்ல முடியும்?

இவ்வூர் 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அந்தக் கிளர்ச்சியில் சிறை போனவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கலாம். எல்லை நமக்கு வேண்டியதுதான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் காதங்கி நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் என்று இருந்துவிட்டோம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரையாவது கேட்டிருப்பார்கள்? திருப்பதிக்கு வருஷத்துக்கு ஒரு தரம் மொட்டை அடிக்கப் போகிற குடும்பங்கள், அந்த ராடாரின் படத்தையாவது பிள்ளைகளுக்குக் காட்டியிருக்குமா? வாசகசாலைத் தோழர்கள், ஆசிரியர்களைக் கொண்டு முறைப்படி எழுதி அனுமதி கேட்டு, பத்துப் பிள்ளைகளை அழைத்துப்போக முயற்சி செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வேன் கூலிக்கு நம்மால் ஆனதைக் கொடுக்கத் தயாராயிருக்கிறோம்.

அனுமதி கிடைக்கிற வரையில் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பரணில் பழைய ரேடியோப் பெட்டி கிடந்தால் எடுத்துத் துடைத்து, மத்திய அலை வரிசையில் வைத்து, பகல் இரண்டு மணிக்கு முள்ளை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் திருப்புங்கள். ஏதோ ஒன்றிரண்டு நிலையங்கள் கேட்கும். அதே மாதிரி இரவு ஒன்பது மணிக்குத் திருப்புங்கள். பகலில் இல்லாத நிலையங்கள் வரும். தெரியாத பாஷைகள் வரும். 60 முதல் 90 கிலோமீட்டர் வரையில் பகலில் அலையை விழுங்கிக்கொண்டிருந்த அடுக்கு, சூரியன் போனதும் இல்லாமல் போய்விடுகிறது. அதற்கு மேலேயுள்ள கூரை, தூரத்து அலையை உங்கள் வீட்டுக்குத் திருப்பிவிடுகிறது. ஒரு நோட்டில் தேதி, மணி, முள் நின்ற இடம், கேட்ட பாஷை, சத்தம் ஏறி இறங்கிற்றா என்பதைப் பதினைந்து நாளைக்கு எழுதி வையுங்கள். கைபேசி சார்ஜரும் புது மாதிரி மின்விளக்கும் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் போடும். அவற்றை அணைத்துவிட்டு, பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்துக் கேளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டுகளைக் கொண்டு வந்தால், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.